பியாஃபின் மூச்சும் 192 கிலோஹெர்ட்ஸும்

1960 நவம்பர் 10ஆம் தேதி எடித் பியாஃப் ஒரு பாட்டைப் பதிவு செய்தார். ஷார்ல் துய்மோன் இசையமைத்த ‘நோன், ழ ந ரெக்ரெத் ரியான்’. இரண்டரை நிமிடம்கூட ஓடாத பாட்டு. அப்போதே அவர் உடல் நலிந்திருந்தது. மூன்று ஆண்டுகள் நிறைவதற்குள், 1963 அக்டோபரில், இறந்துபோனார். அந்தப் பாட்டை இன்று பல வடிவங்களில் வாங்கலாம்: சி.டி., வினைல் தட்டு, ஸ்ட்ரீமிங், எல்லாவற்றுக்கும் மேலே கூடுதல் விலையில் ‘ஹை-ரெஸ்’ என்ற உயர்துல்லியக் கோப்பு. அந்த வகை மறுபதிப்புகளின் அட்டையில் ‘24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ்’, ‘24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ்’ என்று எண்கள் இருக்கும். அறுபது ஆண்டுகளுக்கு முன் பாடி முடிந்த குரலில் அந்த எண்கள் புதிதாக எதைக் கொண்டுவர முடியும்?

பிரெஞ்சுப் பாட்டு மரபான ஷான்சோனும் குரல் ஜாஸும் இந்தக் கேள்விக்கு ஏற்ற களம். இரண்டுமே மைக்கை நம்பி வளர்ந்த கலைகள். 1936இல் ழான் சாப்லோன் பாரிஸின் பொபினோ அரங்கில் மைக் முன் நின்று பாடினார். பிரெஞ்சு மேடையில் அது புதுமை. குரல்வளம் இல்லாதவர் என்று கேலி பேசியவர்களும் உண்டு. அதுவரை கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமானால் தொண்டையைத் திறந்து பாட வேண்டும். மைக் வந்த பிறகு காதோடு பேசுவதுபோலப் பாடலாம் என்றானது. ஜாங்கோ ரெய்ன்ஹார்ட்டின் கிதாருடன் பாடியவர் சாப்லோன். ஷான்சோனும் ஜாஸும் அவரிடமே கைகோத்துவிட்டன. அதன்பின் இந்த இசையின் உயிர் சின்னஞ்சிறு ஒலிகளில் குடியேறியது. பியாஃப் தொண்டையின் ஆழத்திலிருந்து உருட்டும் ரகரம், ‘ந மெ கித் பா’ பாட்டின் முடிவில் ஏறக்குறைய முணுமுணுப்பாகத் தேயும் ஜாக் ப்ரெலின் குரல், ஜார்ஜ் ப்ராஸான்ஸின் கிதாருக்குப் பின்னால் மெல்ல நடக்கும் பியேர் நிக்கோலாவின் டபுள் பாஸ் இவையெல்லாம் பெரிய வாத்தியக் குழுவின் முழக்கத்தில் ஒளிந்துகொள்ள முடியாதவை. பதிவில் குறை இருந்தால் உடனே தெரியும், நிறை இருந்தாலும் உடனே தெரியும்.

எண்களைப் பார்ப்போம். சி.டி. 1982இல் கடைக்கு வந்தது. ஒலியலையின் உயரத்தை நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட்டில் எழுதி வைப்பது அதன் முறை. 44,100 என்ற விசித்திர எண் வந்தது வீடியோ நாடாவால். அந்நாளில் டிஜிட்டல் ஒலியை வீடியோ நாடாவில்தான் பதிந்தார்கள். ஒரு வரிக்கு 3 அளவுகள், ஒரு புலத்துக்கு 245 வரிகள், நொடிக்கு 60 புலங்கள். பெருக்கினால் 44,100. ஐரோப்பிய முறையில் 3, 294, 50; அதுவும் 44,100தான்.

நொடிக்கு இத்தனை முறை அளந்தால் போதுமா? ஹாரி நைக்விஸ்ட், கிளாட் ஷானன் ஆகியோர் பெயரால் வழங்கும் தேற்றம் இதற்குப் பதில் சொல்கிறது. ஓர் ஒலியில் உள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் அளவெடுத்தால், அந்த ஒலியை அப்படியே மீட்டெடுக்கலாம். ‘ஏறக்குறைய’ என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை. மனிதக் காது இளமையில் 20 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும். வயது ஏற ஏற அந்த எல்லை இறங்கும். 44.1இல் பாதி 22.05. ஆக, காதுக்கு எட்டுவது அனைத்தும் சி.டி.க்குள் அடங்கிவிடுகிறது. டிஜிட்டல் ஒலியலை படிக்கட்டுபோல் இருக்கும், ஹை-ரெஸ் அந்தப் படிகளைச் சிறிதாக்கும் என்று விளம்பரங்களில் ஒரு படம் வரும். அந்தப் படம் தவறு. அளவுகளை மீண்டும் மின்னலையாக மாற்றும்போது இறுதியில் ஒரு வடிகட்டி இருக்கிறது. அதைத் தாண்டி வெளியே வருவது வழவழப்பான தொடர் அலை. படிகள் கணினித் திரையில்தான் இருக்கின்றன.

பிட் கணக்கும் இப்படித்தான். ஒவ்வொரு பிட்டும் ஏறத்தாழ 6 டெசிபல் இடம் தரும். 16 பிட்டுக்கு 96 டெசிபல். 24 பிட்டுக்குக் கணக்குப்படி 144. இது மிகமிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே உள்ள தூரம். ஆனால் 1950களின் ஒலிநாடாவுக்கு அந்தத் தூரம் எவ்வளவு? டால்பி இரைச்சல் குறைப்பு வந்தது 1960களின் நடுவில். அதற்கு முன் நல்ல நாடாவில் நல்ல கருவியில் பதிந்தாலும் 60 முதல் 70 டெசிபல்தான். அதற்குக் கீழே நாடாவின் ‘ஸ்ஸ்’ என்ற சீறல் எல்லாவற்றையும் மூடிவிடும். பிட்டில் சொன்னால் பதினொன்று, பன்னிரண்டு. மீதிப் பிட்டுகள் நாடாவின் சீறலைத்தான் மிகத் துல்லியமாக அளக்கின்றன. அதிர்வெண்ணிலும் அதே நிலை. 1949இல் வந்த நாய்மன் யு47 போன்ற மைக்குகள்தான் அக்காலத்துக் குரல்களைப் பிடித்தன. அவை மனிதக் காதின் எல்லையை ஒட்டியே வேலை செய்தன. ஆகவே ஒரு 1960ஆம் ஆண்டு நாடாவை 192 கிலோஹெர்ட்ஸில் பதிந்து அதன் மேல்பகுதியைத் திரையில் பார்த்தால், 25 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் தெரிவது பெரும்பாலும் இரைச்சல்.

கணக்கு இப்படி இருக்க, காது என்ன சொல்கிறது என்று சோதித்தவர்கள் உண்டு. 2007இல் மேயர், மோரன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் ஒலிப் பொறியியல் கழகத்தின் ஆய்விதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஹை-ரெஸ் தட்டு ஓடும்போது, கேட்பவருக்குத் தெரியாமல் இடையே ஒரு கருவியைப் புகுத்தி, ஒலியை சி.டி. தரத்துக்கு இறக்கி மீண்டும் வெளியே விட்டார்கள். எது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். 554 முறை கேட்டதில் 276 முறை சரியான விடை வந்தது. பூவா தலையா போட்டாலும் அதுதான் வரும். 2016இல் லண்டன் குயீன் மேரி பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா ரைஸ் 18 ஆய்வுகளை, 12,500க்கு மேற்பட்ட விடைகளை, ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார். சரியான விடைகள் 52.3 விழுக்காடு. பயிற்சி பெற்ற காதுகள் இன்னும் சற்று மேலே போயின. வேறுபாடே இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. இருந்தால் அது மிகமிகச் சிறியது.

மேயரும் மோரனும் தங்கள் கட்டுரையின் முடிவில் எழுதிய ஒரு குறிப்பை ஹை-ரெஸ் ஆதரவாளர்களும் எதிர்ப்பாளர்களும் போதிய அளவு கவனிக்கவில்லை. தாங்கள் சோதித்த ஹை-ரெஸ் தட்டுகளில் ஏறக்குறைய எல்லாமே வழக்கமான சி.டி.க்களைவிட நன்றாக ஒலித்தன என்றார்கள். அதே தட்டை சி.டி. தரத்துக்கு இறக்கினாலும் அந்த நன்மை குறையவில்லை. அப்படியானால் நன்மை எண்களில் இல்லை. அந்தத் தட்டைத் தயாரித்தவர் எடுத்துக்கொண்ட அக்கறையில் இருந்தது. ஒரு நல்ல மறுபதிப்பைக் கேட்டு ‘பியாஃப் அறைக்குள் வந்துவிட்டார்’ என்று ஒருவர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. அவர் கேட்டது உண்மை, காரணமாக அட்டையில் அச்சிட்டிருக்கும் எண்தான் பொருந்தவில்லை.

அந்த அக்கறை முதலில் தேடுவது மூல நாடாவை. ஒரு நாடாவைப் பிரதி எடுத்தால் பிரதியின் சீறலும் சேர்ந்துகொள்ளும். ஒரே தரமுள்ள நாடாவானால் முதல் பிரதியிலேயே இரைச்சல் 3 டெசிபல் ஏறும். வேக நடுக்கமும் கூடும். மிமி பெரான் 1959இல் தொடங்கிய ‘லே தூப்ள் சிஸ்’ குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு பேர் பாடி, அதன்மேல் அந்த ஆறு பேரே மறுபடி பாடி, ஜாஸ் வாத்தியக் குழுவின் ஊதல் வரிசைகளைக் குரலால் கட்டினார்கள். அக்காலத்தில் குரல்மேல் குரல் ஏற்ற, முன்பதிவை இன்னொரு நாடாவுக்கு மாற்றியபடி பாடுவதே பெரும்பாலும் வழி. அப்படிப் பிறந்த பதிவு பிறக்கும்போதே இரண்டாம் தலைமுறை. அதற்கும் பிறகு எடுத்த பிரதியின் பிரதியை 192 கிலோஹெர்ட்ஸில் அளந்து என்ன பயன்?

1980களில் வந்த முதல் சி.டி.க்கள் பலவற்றுக்கு இந்தக் குறை இருந்தது. அவசரத்தில் கைக்குக் கிடைத்தது எல்.பி. தட்டு வெட்டுவதற்காகத் தயாரித்த பிரதி நாடா. ஊசி தாவாமல் இருக்க அதில் தாழொலியைக் குறைத்திருப்பார்கள், சகர ஒலிகளை மழுக்கியிருப்பார்கள். வினைலுக்காகச் செய்த சமரசம் சி.டி.க்குள் அப்படியே போயிற்று. ‘டிஜிட்டல் உயிரற்றது’ என்ற பேச்சுக்கு இந்தப் பிரதி நாடாக்களும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

சட்டமும் இதில் வருகிறது. ஐரோப்பாவில் ஒலிப்பதிவுகளுக்கு 50 ஆண்டுக் காப்புரிமை இருந்தது. 2013இல் அதை 70 ஆக்கினார்கள். ஆனால் அதற்குள் உரிமை முடிந்தவற்றுக்கு அது திரும்பவில்லை. 1962 வரை வெளியான பதிவுகள் அங்கே பொதுச்சொத்து. பியாஃபின் புகழ்பெற்ற பாட்டுகளும், ப்ரெலின் தொடக்கக் காலப் பாட்டுகளும், 1956 ஆகஸ்ட் 16 அன்று ஒரே நாளில் ஹாலிவுட் கேபிடல் ஸ்டூடியோவில் பதிவான ‘எல்லா அண்ட் லூயி’ ஜாஸ் தட்டும் அதில் அடக்கம். அதனால் யார் வேண்டுமானாலும் மறுபதிப்பு போடலாம். ஆனால் நாடா பொதுச்சொத்து ஆகாது. அது பழைய நிறுவனத்தின் வாரிசுகளிடம்தான் இருக்கும். பியாஃபின் நாடாக்கள் பாத்தே-மார்க்கோனியிலிருந்து இ.எம்.ஐ. வழியாக 2013இல் வார்னர் கைக்குப் போயின. ப்ரெலும் ப்ராஸான்ஸும் பதிந்த ஃபிலிப்ஸ், பார்க்லே நிறுவனங்களின் சேமிப்பு இன்று யுனிவர்சலிடம் இருக்கிறது. மற்றவர்கள் பழைய எல்.பி.யிலிருந்தோ, முன்பு வந்த சி.டி.யிலிருந்தோ எடுக்க வேண்டியதுதான். நல்ல எல்.பி.யை நல்ல ஊசியில் ஓட்டி எடுத்ததைக் குறை சொல்ல மாட்டேன், சில நேரம் நைந்த நாடாவைவிட அது மேல். ஒரு சி.டி.யைக் கணினியில் 96 கிலோஹெர்ட்ஸுக்கு உப்பவைத்து ஹை-ரெஸ் என்று விற்பது வேறு. அது ஏமாற்று. கண்டுபிடிக்கவும் எளிது: ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து அலைமாலையைப் பாருங்கள். 22 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் வெட்டியதுபோல் நின்று, அதற்குமேல் ஒன்றுமே இல்லையென்றால் அது சி.டி.யிலிருந்து வந்தது. உண்மையான நாடா அப்படி வெட்டுப்படாது. சீறல் மேலே மேலே மெல்லத்தான் மங்கும்.

இதைப்போல் இன்னொரு பழைய ஏமாற்று, 1960களின் போலி ஸ்டீரியோ. மோனோ பதிவை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் தாழொலியைக் கூட்டி, மற்றொன்றில் மேலொலியைக் கூட்டி, ஒன்றைச் சற்றே தாமதப்படுத்தி விடுவார்கள். கேபிடல் இதற்கு ‘டுவோஃபோனிக்’ என்று பெயரே வைத்தது. நடுவில் நின்று பாடிய குரல் பனிமூட்டத்துக்குள் போய்விடும். மோனோவில் பதிந்ததை மோனோவிலேயே தருவதுதான் மரியாதை.

சரியான நாடா கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதை ஓட்டுவதே தனிக் கலை. 1950களின் நாடாக்கள் பல அசிடேட்டால் ஆனவை. பழசாகும்போது காடி வாசனை வீசும், சுருங்கி நொறுங்கும். ஒரு நல்லது: இழுபடாமல் சுத்தமாக முறியும், ஒட்டிவிடலாம். 1970களின் சில நாடாக்களில் சிக்கல் வேறு. காந்தத் துகளைப் பிடித்திருக்கும் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும். அப்படியே ஓட்டினால் ஒலியோடு துகளும் உரிந்து வரும். ஏறத்தாழ 54 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் சூடேற்றிப் பசையை உலர்த்தி, அந்த அவகாசத்துக்குள் ஓட்டி முடிக்க வேண்டும். ஓட்டும் கருவியின் படிப்புத் தலை, பதிந்த கருவியின் தலை நின்ற கோணத்திலேயே நிற்க வேண்டும். துளி சாய்ந்தாலும் மேலொலி மங்கும். பியாஃபின் ரகரத்தில் உள்ள கரகரப்பு முதலில் போகும். ஐரோப்பிய நாடாக்களும் அமெரிக்க நாடாக்களும் வெவ்வேறு சமன்செய் வளைவுகளில் பதிவானவை. பாரிஸில் பதிந்த நாடாவை அமெரிக்க வளைவில் ஓட்டினால் குரலின் நிறமே மாறிவிடும்.

வேகமும் அப்படித்தான். இதற்குப் பெயர்பெற்ற சாட்சி குரல் ஜாஸில் இல்லை, மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் புளூ’வில் இருக்கிறது. 1959இல் நியூயார்க்கில் கொலம்பியாவின் 30ஆம் தெரு ஸ்டூடியோவில் முதல் நாள் பதிவின்போது முதன்மைக் கருவி சற்று மெதுவாக ஓடியது. அதனால் தட்டின் முதல் பக்கம் முழுவதும் சுருதி ஏறிப்போய், 33 ஆண்டுகள் உலகம் அதை அப்படியே கேட்டது. உடன் ஓடிய காப்பு நாடாவை எடுத்து 1992இல்தான் திருத்தினார்கள். தட்டோடு சேர்ந்து வாசித்துப் பழகிய இசைக்கலைஞர்கள் எத்தனை பேர் தங்கள் வாத்தியத்தின் மீதே சந்தேகப்பட்டிருப்பார்கள்! அதைத் திருத்தியது சரியான நாடா. பெரிய எண்ணுக்கு அதில் பங்கே இல்லை.

பெரிய எண்களுக்கு ஓர் இடம் உண்டு. அது பட்டறை. ஒலியாவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கம் நாடாவைப் பெயர்க்கும்போது 24 பிட், குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ் வேண்டும் என்கிறது, நடைமுறையில் 96. பாடகர் எந்த இடத்தில் குரலை உயர்த்துவார் என்று முன்கூட்டித் தெரியாது. 24 பிட்டில் மேலே தாராளமாக இடம் விட்டுப் பதியலாம், உரத்த இடங்கள் வெட்டுப்படாது. பின்னால் கூட்டிக் கழித்தாலும் பிழை சேராது. இன்னொரு பயன் வியப்பானது. நாடாவில் பதியும்போது ஒலியோடு சேர்த்து ஏறத்தாழ 100 கிலோஹெர்ட்ஸில் ஒரு துணையலையை ஏற்றுவார்கள். அது காதுக்குக் கேட்காது. காந்தத் துகள்கள் ஒலிக்குச் சீராக இசைய அது தேவை. அந்தத் துணையலையின் அதிர்வெண் மாறாதது என்பதால், நாடாவில் அது எங்கே தள்ளாடுகிறதோ அங்கே கருவியின் வேகம் தள்ளாடியிருக்கிறது என்று பொருள். ஜேமி ஹோவர்த் உருவாக்கிய ‘பிளாஞ்சென்ட்’ முறை, மிக உயர்ந்த அளவீட்டு வீதத்தில் அந்த அலையின் சுவட்டைப் பிடித்து, அதைக் கொண்டே குரலின் நடுக்கத்தை நொடிக்கு நொடி நேராக்குகிறது. 1949இல் கம்பியில் பதிவான பாடகர் வூடி கத்ரியின் கச்சேரியை இப்படி மீட்டார்கள். 2008இல் அதற்குக் கிராமி கிடைத்தது. திருத்தம் முடிந்த பிறகு வீட்டுக்கு சி.டி. தரத்தில் அனுப்பினாலும் அந்தப் பலன் முழுதாக வந்து சேரும்.

இனி, மறுபதிப்புகளில் என்னை அதிகம் வருத்துகிற இடம்: இரைச்சல் நீக்கம். 1980களின் இறுதியிலிருந்து கணினி இதைச் செய்கிறது. பாட்டு தொடங்கும் முன்னுள்ள வெற்றிடத்தில் நாடாவின் சீறலைப் படித்துக்கொண்டு, பாட்டு முழுவதிலும் ஒவ்வோர் அதிர்வெண் பட்டையிலும் அதைக் கழித்துவிடும். சிக்கல் எங்கே? சீறல் என்பது எல்லா அதிர்வெண்ணும் ஒழுங்கின்றிக் கலந்த ஒலி. மூச்சும் அதுவே. ‘ஸ்’, ‘ஷ்’, ‘ஃப்’ எல்லாம் அதுவே. குரல் அடங்கிய பின் அறையில் கரையும் எதிரொலியின் கடைசித் துளியும் சீறலின் மட்டத்திலேயே கிடக்கும். கணினிக்கு இவற்றுக்குள் வேறுபாடு தெரியாது. களையெடுக்கப் போய் நாற்றையும் பிடுங்கிவிடுகிறது. பின்னணி அமைதியாகிவிட்டது என்று முதலில் மகிழ்வோம். கொஞ்ச நேரத்தில் பாடுபவர் மூச்சே விடுவதில்லை என்பது உறைக்கும்.

ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேவின் ‘லேடி இன் சாட்டின்’ 1958 பிப்ரவரியில், அதே 30ஆம் தெரு ஸ்டூடியோவில் பதிவானது. முன்னாள் தேவாலயம் அது, கூரை மிக உயரம். ஹாலிடேவின் குரல் அப்போது கிழிந்திருந்தது. மறு ஆண்டு ஜூலையில் அவர் இறந்தார். பின்னால் தந்திகள் பட்டுப்போல் விரிய, முன்னால் அந்தக் கரடுமுரடான குரல். பட்டுக்கும் கிழிசலுக்கும் நடுவே நிற்பதுதான் அந்தத் தட்டு. குரலின் ஓரத்தைக் கணினி கொஞ்சம் தேய்த்தாலும் வெறும் தளர்ந்த பாடகிதான் மிஞ்சுவார். அதனால்தான் தேர்ந்த பொறியாளர்கள் சீறலை அப்படியே விட்டுவிடுகிறார்கள். காது இரண்டு நிமிடத்தில் சீறலை மறந்துவிடும், மூச்சில்லாத குரலுக்குப் பழகவே பழகாது.

உரப்புப் போட்டியும் இதே அளவு கெடுதல் செய்தது. 1990கள் தொடங்கி, பக்கத்துத் தட்டைவிடச் சத்தமாக ஒலிக்க வேண்டும் என்று மெல்லிய இடங்களையெல்லாம் தூக்கி உரத்த இடங்களோடு சமன்படுத்தினார்கள். முணுமுணுப்பில் தொடங்கி முழக்கத்துக்கு ஏறுவதுதான் ப்ரெலின் கலை. அந்த ஏற்றத்தைத் தட்டையாக்கிய கோப்பு 24 பிட்டாக இருந்தால் என்ன, 8 பிட்டாக இருந்தால் என்ன?

2022இல் நடந்ததைச் சொல்ல வேண்டும். மொபைல் ஃபிடெலிடி என்ற அமெரிக்க நிறுவனம் உயர்விலை வினைல் மறுபதிப்புகளுக்குப் பேர்போனது. மூல நாடாவிலிருந்து இடையில் டிஜிட்டலே இல்லாமல் தட்டு வெட்டப்படுவதாக வாங்கியவர்கள் நம்பியிருந்தார்கள். 2011 முதலே பல தட்டுகளுக்கு டிஜிட்டல் பிரதி இடையில் இருந்தது என்பது வெளியே வந்தது. கோபம் கிளம்பியது, வழக்கும் நடந்தது. மறைத்தது தவறுதான். ஆனால் அனலாக் ஒலியின் சிகரம் என்று அந்தத் தட்டுகளைப் புகழ்ந்த தேர்ந்த காதுகள் அத்தனை ஆண்டுகளில் டிஜிட்டல் படியைக் கண்டுபிடிக்கவில்லை. நல்ல நாடா, நல்ல கருவி, பொறுமையான கை மூன்றும் சேர்ந்தால் இடையில் உள்ள டிஜிட்டல் காதில் விழாது என்பதற்கு இதைவிடப் பெரிய சோதனையை யாரும் நடத்தியதில்லை.

எனவே ஒரு மறுபதிப்பை வாங்கும் முன் எண்ணைப் பார்க்காதீர்கள். எந்த நாடாவிலிருந்து எடுத்தார்கள், மூலமா பிரதியா, யார் பெயர்த்தார், எந்த ஆண்டு, இரைச்சல் நீக்கினார்களா, மோனோவா ஸ்டீரியோவா என்று பாருங்கள். நல்ல பதிப்பாளர்கள் இதைத் துண்டுத்தாளில் எழுதிவிடுகிறார்கள். எழுதாதவர்களுக்கு எழுதிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். இரண்டு பதிப்புகளை ஒப்பிடும்போது ஒலியளவைச் சமமாக வைத்துக் கேளுங்கள். அரை டெசிபல் உரத்து ஒலிப்பதே காதுக்குச் சிறந்ததாகத் தோன்றும். வாங்கிய ஹை-ரெஸ் கோப்பை ப்ளூடூத் ஹெட்ஃபோனில் கேட்கிறீர்கள் என்றால், வழியிலேயே அது சுருக்கப்பட்டு விடுகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

நாடாக்களுக்கு நாள் குறைவு. அவற்றை ஓட்டும் கருவிகளும், கருவியைப் பழுதுபார்க்கத் தெரிந்த கைகளும் அருகிவருகின்றன என்று யுனெஸ்கோவும் ஒலியாவணச் சங்கமும் 2019இலேயே எச்சரித்தன. 2008 ஜூன் 1 அன்று ஹாலிவுட்டில் யுனிவர்சலின் கிடங்கு எரிந்தபோது எத்தனை மூல நாடாக்கள் போயின என்பதில் ஒருமித்த கணக்கு இல்லை. பிரான்ஸின் தேசிய நூலகத்துக்கு 1938 முதல் வெளியாகும் ஒலித்தட்டுகளின் பிரதி சட்டப்படி போய்ச் சேர்கிறது. ஆனால் அது தட்டு, மூல நாடா நிறுவனத்தின் அலமாரியில்தான். அந்த நாடாக்களை 24 பிட்டில், 96 கிலோஹெர்ட்ஸில், எந்தத் திருத்தமும் இல்லாமல் ஒருமுறை பெயர்த்துக் காப்பகத்தில் வைக்க வேண்டிய பொறுப்பு உரிமையாளர்களுடையது. அதை அவர்கள் இப்போதே செய்ய வேண்டும்.